கோடையில் ஒரு பூர்வாங்க வகுப்பு

கல்லூரியில் அடியெடுத்து வைக்கவிருக்கும் பிள்ளைகளுக்காகப் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் நண்பர்கள் சிலர் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடத்திவரும் பூர்வாங்க வகுப்பில், விரிவுரையாளர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபின் மூன்று கோடைகளாக நான் பாடம் சொல்லி வருகிறேன். கத்திரி வெயிலை உத்தேசித்துக் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கெல்லாம் முடிந்துவிடும் அந்த வகுப்புக்கு, அக்கம்பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து சைக்கிளிலும், வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறியும் பிள்ளைகள் வந்து சேருவார்கள்.

முதற் கோடையில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுவது அவசியம். கரும்பு வெட்டப் போகும் தகப்பனுக்கும் நடவுக்குப் போகும் தாய்க்கும் பிறந்து, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகிற இவர்களைச் சிரமப்படுத்தலாகாது என்ற இரக்கத்தினால், எல்லாப் பாடத்தையும் நானே சுருக்கி எழுதி, பிரதி எடுத்துக் கொடுத்து, யார் எதைச் சொன்னாலும் பாராட்டி அனுப்பினேன். ஆவணி மாதத்தில் அவர்களுள் ஒருவன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, “அங்க யாரும் நோட்ஸ் சொல்லி எழுத வைக்கறதில்ல சார், கேட்டா லைப்ரரில பாருங்கறாங்க. எனக்கு அது பழக்கமில்ல சார்,” என்று சொன்னபோது, அவனுக்கு நான் செய்தது உபகாரம் அன்று என்பது எனக்கு விளங்கிற்று. இரக்கத்தை முன்னிட்டு எதிர்பார்ப்பைக் குறைப்பதும் ஒருவகை அநீதியே என்ற அபிப்பிராயம் அன்றைக்கு உண்டானது. இன்றுவரை அது மாறவில்லை.

கிராமத்துப் பிள்ளைக்குப் புத்தி குறைவு என்பது இதன் பொருளன்று. மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பிப்பதற்கு மதிப்பெண் கொடுத்துப் பழக்கியவர்கள் நாம். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24ஆம் கல்வியாண்டில் மேல்வகுப்புகளிலும் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறி, 2025இல் முதல் பொதுத்தேர்வையும் எழுதிவிட்டன. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாள்களில் பாதியளவு, படித்ததைப் புதிய சந்தர்ப்பத்தில் பிரயோகிக்கச் சொல்லும் வினாக்களாக இருக்கவேண்டும் என்று அந்த வாரியம் வகுத்திருக்கிறது. வினா மாறிவிட்டது, படிக்கும் வழக்கமோ இன்னும் மாறவில்லை.

ஆகையால் இரண்டாம் கோடையில் முதல் நாளே பிள்ளைகளோடு பெற்றோரையும் அழைத்து உட்காரவைத்து, கல்லூரி வாய்விட்டுச் சொல்லாமலே எதிர்பார்ப்பவற்றை நாங்கள் வாய்விட்டுச் சொன்னோம்: வகுப்புக்கு வருமுன் பாடப்பகுதியை ஒருதரம் படித்திருக்க வேண்டும், குறிப்பை அவரவரே எடுக்க வேண்டும், தினமும் ஒரு பக்கம் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும், புரியாததை அன்றைக்கே கேட்க வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மாள் எழுந்து, “அது என்னா எழுதுதுன்னு எனக்குப் புரியாது சார், ஆனா எழுதுதா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்,” என்றார். அந்த மாதம் முழுவதும் இரவில் அடுப்படி வேலை முடிந்ததும் மகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பக்கம் நிரம்பும் வரையில் அவர் எழுந்திருக்கவில்லை என்பதைப் பின்னால் அறிந்தேன்.

இவற்றுள் மிகக் கடினமானது குறிப்பெடுத்தலே. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணையின் நீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வந்து சேரும் விதத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினேன். முன்னிருக்கையில் இருந்த பெண்ணொருத்தி, மேற்சொன்ன அம்மாளின் மகள்தான், நான் உச்சரித்த ஒவ்வொரு சொல்லையும் எழுத முயன்று, பதினோராவது வரியில் பின்தங்கி, பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்து, கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டாள். மறுநாள் முறையை மாற்றினேன். பக்கத்தின் இடப்புறத்தில் நான்கு விரற்கடை விட்டு ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். நான் பேசுகையில் எவரும் எழுதலாகாது, ஒரு கருத்து முடிந்து நான் நிறுத்தும்போது மாத்திரம் கோட்டுக்கு வலப்புறம் மூன்று வாக்கியம் எழுதவேண்டும், சந்தேகம் தோன்றினால் இடப்புறம் வினாவாக எழுதவேண்டும் என்றேன். ஒரு வாரம் வரையில் இடப்புறம் எல்லோருக்கும் வெறுமையாகவே கிடந்தது. அதைப் பார்த்துப் பொறுமை இழந்து நானே வினாக்களைச் சொல்லிக் கொடுத்துவிடாதிருந்ததுதான், இந்த மூன்று ஆண்டுகளில் நான் செய்த காரியங்களில் பிரயோஜனமானது என்று நினைக்கிறேன்.

ஆங்கிலப் பக்கத்தைக் கண்டு மிரளும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை: ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் அகராதியில் தேடவேண்டாம், எந்தச் சொல் விளங்காவிட்டால் வாக்கியமே நிற்காதோ அதைமட்டும் தேடினால் போதும். முழுவதையும் தமிழில் எழுதிப் பார்க்கும் பிள்ளை மூன்றாம் பக்கத்தில் களைத்துவிடுகிறது. கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பத்துக்கு வேண்டிய சாதிச் சான்றையும் குடியிருப்புச் சான்றையும் தேர்வு முடிவு வருமுன்பே தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

பாகூருக்குப் படிப்பு புதிதன்று. 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, இவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் வித்தியாபோகமாக விடப்பட்ட செய்தியைச் சொல்கிறது. மூன்று கிராமத்தின் விளைச்சலைப் படிப்புக்கென்று ஒதுக்கிய ஊரில், அந்தக் கல்விச்சாலைக்குள் அன்றைக்கு நுழைந்திருக்கமுடியாத குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். இவர்களிடம் குறைவாக எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை என்றும் தோன்றும்.

மூன்றாம் வாரத்தில் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பேனாவை மூடி வைத்த அந்தப் பெண்ணின் பக்கத்தில், கோட்டுக்கு இடப்புறம் இப்படி எழுதியிருந்தது: “ஆத்துல தண்ணி வராத வருஷம் ஏரி பாதிதான் ரொம்பும்னா, கடைமடைக்காரங்களுக்கு எவ்வளவுன்னு யார் முடிவு பண்றது?” நான் நடத்திய பாடத்தில் அது இல்லை, விடையும் எனக்குத் தெரியாது. மறுநாள் ஏழு மணிக்கு வகுப்பை ஏரிக்கரை மதகடிக்கு மாற்றி, வாய்க்கால் வெட்டிலும் மதகுத் திறப்பிலும் ஆயுள் கழித்த ஒரு பெரியவரை அங்கே வரச்சொல்லியிருந்தோம். அவர் சொல்லச் சொல்ல, அவள் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.