அடுத்து வருபவர் யார்?

– பத்தாம் வகுப்பு மாணவி

'சக்ஸெஷன்' என்னும் ஆங்கிலச் சொல் ஒன்றுதான். ஆனால் அதனை மூன்று வகை அறிஞர்கள் மூன்று விதமாக ஆராய்கின்றனர். சட்டம் படித்தவரைக் கேட்டால், இறந்தவரின் சொத்து யாரைச் சேரும் என்பதே அது என்பார். தாவரவியல் பேராசிரியரோ, வெறுந்தரையில் முதலில் புல்லும், பின்பு புதரும், அதன்பின் காடும் தோன்றுகிற ஒழுங்கு என்பார். மேல்வகுப்புப் பாடநூல் இதற்கு 'வழிமுறை வளர்ச்சி' என்று பெயரிட்டுள்ளது. வணிக நிர்வாகம் கற்பிப்பவர், முதலாளிக்குப் பிறகு கல்லாவில் உட்காருபவர் யார் என்னும் கேள்வி அது என்பார்.

தமிழில் நாம் மரத்துக்கு வாரிசு என்று சொல்வதில்லை. மனிதருக்கு மட்டுமே சொல்கிறோம். அதிலும் பெரும்பாலும் ஆண்பிள்ளைக்கே சொல்கிறோம். 'வாரிசு இல்லாத வீடு' என்று ஊரார் பேசுகின்ற வீட்டில் மூன்று பெண்கள் இருப்பதை நான் கண்டிருக்கிறேன்!

இம்மூன்று துறைகளையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அடுத்தவர் யார் என்பதைச் சட்டம் ஒரே நாளில் சொல்லிவிடும். ஆனால் அடுத்தவர் வேரூன்றி நிற்பதற்கு மண் வேண்டும். அந்த மண்ணை முன்னவர் பதப்படுத்தி வைத்தாரா, அல்லது மறித்து வைத்தாரா என்பதே பெரிய கேள்வி. ஆகவே மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில் கிளியனூரைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் செம்மண் மேட்டை அடையலாம். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் ஆரோவில் தொடங்கப்பட்ட இடம் அது. அதன் பெரும்பகுதி நம் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. அன்று அந்த மேடு பெரும்பாலும் மரமற்ற பொட்டல். மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடைகளின் வழியே கடலுக்குப் போய்விடும். அங்குக் குடியேறியவர்கள் மழைநீர் ஓடிவிடாமல் மண் வரப்புகள் போட்டனர். வறட்சியைத் தாங்கும் மரங்களை நட்டனர். அவற்றுள் ஒன்று ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அகேசியா. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் (உளுந்துச் செடியைப் பிடுங்கி டீச்சர் காட்டினார்களே, அதே முடிச்சுகள்தாம்). இலை உதிர்ந்தது, மட்கியது, நிழல் விழுந்தது, பறவைகள் வந்தன. அந்த நிழலில்தான் வீரை, பாலை, காசான் போன்ற நம் மண்ணின் மரங்களை வளர்க்க முடிந்தது. அகேசியா அதிக நாள் வாழும் மரம் அன்று. புயலில் சாயும், வயதானால் பட்டுப்போகும். சாய்ந்த இடத்தில் வெளிச்சம் விழ, கீழே காத்திருந்த கன்று எழுந்து நிற்கும்.

அந்த நம் மண்ணின் மரங்கள் எங்கிருந்து விதையாக வந்தன? இங்கே நம் முன்னோருக்கு நன்றி சொல்ல வேண்டும். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கடற்கரையை ஒட்டியுள்ள புதுப்பட்டில் ஐயனார் கோயிற்காடு ஒன்று உண்டு. சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாததால் பிழைத்த காடு. இத்தகைய காட்டுக்கு 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்று பெயர். மரக்காணம் காட்டைப் பற்றி 1973-இல் ப்ளாஸ்கோ, லெக்ரி என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதினர். புதுப்பட்டுக் காட்டின் மரங்களையும் கொடிகளையும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கெடுத்துள்ளனர். இப்படிப்பட்ட துண்டுக் காடுகளே தாய்விதை.

உலக அளவில் இந்த ஆராய்ச்சி 1899-இல் கௌல்ஸ் என்பவர் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளைப் பற்றி எழுதியபோது வலுப்பெற்றது. 1916-இல் கிளமென்ட்ஸ், ஒவ்வொரு நிலத்திலும் தாவரங்கள் படிப்படியாக வளர்ந்து ஓர் உச்சநிலையை அடைந்தே தீரும் என்றார். 1926-இல் க்ளீசன் அதை மறுத்தார். ஒவ்வொரு செடியும் தன் வாய்ப்புப்படி வருகிறது, முன்கூட்டி எழுதிவைத்த வரிசை எதுவும் இல்லை என்றார். எனக்குப் பிடித்தது 1977-இல் கானல், ஸ்லேட்டியர் இருவரும் எழுதியதுதான். முன்வந்த செடி பின்வருவதற்கு உதவலாம். அல்லது உதவாமலும் தடுக்காமலும் இருக்கலாம். அல்லது தடுக்கலாம் என்று மூன்று வழிகளை அவர்கள் காட்டினர்.

மூன்றாவது வழிக்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் ஏரிக்கரைகளில் மண்டியிருக்கும் வேலிக்காத்தான் போதும். சீமைக் கருவேலம் என்று புத்தகங்கள் சொல்வது அதைத்தான். அதற்கும் வேர்முடிச்சு உண்டு. அதுவும் நைட்ரஜன் சேர்க்கும். ஆயினும் தன் கீழே மற்றவை எளிதில் முளைக்க விடாது. மண்ணுக்குக் கொடுத்துக்கொண்டே பின்வருபவரைத் தடுப்பதும் முடியும் என்பதை அதனிடம் கற்றேன்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். மரத்துக்குப் பத்திரம் கிடையாது, நமக்கு உண்டு.

நம்மில் கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி இரண்டு பங்கும் மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகும். ஆனால் பழைய திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியே இருந்தது. அதன்படி மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் கால் பாகம் அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அது! கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் என்னும் அம்மையார் இதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். 1986-இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 2022-இல் அவர் காலமானார்.

இந்துத் தோழியருக்கு 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். தந்தை தானே சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று அது சொன்னது. ஆனால் பூர்வீகச் சொத்தில் மகன் பிறக்கும்போதே பங்காளி; மகள் அப்படியல்ல. கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு தந்தைக்கு ஒரு மகன், ஒரு மகள்; தாய் முன்பே இறந்துவிட்டார்; பூர்வீக நிலம் 6 ஏக்கர். பழைய முறையில் தந்தைக்கு 3, மகனுக்கு 3. தந்தை இறந்தபின் அவருடைய 3 ஏக்கர் இருவருக்கும் பாதிப்பாதி. ஆக, மகனுக்கு நாலரை ஏக்கர், மகளுக்கு ஒன்றரை ஏக்கர். நமக்கு வடக்கே செங்கல்பட்டில் 1929-இல் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989-ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் மகளும் பிறப்பால் பங்காளி ஆனாள். இப்போது அதே 6 ஏக்கரில் மூவருக்கும் இரண்டிரண்டு. தந்தையின் இரண்டும் பாதியானால் ஆளுக்கு 3.

ஆனால் அந்த நாளுக்கு முன்பே மணமான பெண்களுக்கு அந்த உரிமை இல்லை. மார்ச் 24-இல் தாலி கட்டிக்கொண்டவருக்கு ஒரு நீதி, 26-இல் கட்டிக்கொண்டவருக்கு வேறு நீதி! 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமானவர், ஆகாதவர் என்று பார்க்காமல் எல்லா மகள்களுக்கும் உரிமை தந்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்னும் சந்தேகத்தை, வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டு 11-இல் உச்சநீதிமன்றம் தீர்த்து வைத்தது.

சட்டம் இத்தனை தெளிவாக இருக்க, நம் வயல்வெளிகளில் பெண் பெயரில் எத்தனை பட்டா பார்க்கிறோம்? இதைத்தான் பொருளாதார ஆய்வாளர்களும் கேட்டனர். டெய்னிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட கட்டுரை, கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் சட்டம் மாறியபின் மகள்கள் நிலம் பெறுவது கூடியது, ஆனால் முழுச் சமத்துவம் வரவில்லை என்றது. பெண்களின் படிப்பும் கூடியதாம். சஞ்சாரி ராய் என்பவர் தமிழ்நாட்டையும் சேர்த்து ஆராய்ந்து 2015-இல் எழுதியது இன்னும் கூர்மையானது. சட்டம் வந்ததும் தந்தையர் பலர் தம் நிலத்தைத் தாம் இருக்கும்போதே மகன்களுக்குத் தானமாக எழுதிவிட்டனராம்! மகளுக்கு அதற்கு ஈடாகக் கூடுதல் படிப்போ கூடுதல் வரதட்சணையோ கொடுத்தனராம். இரண்டு ஆய்வும் முழுவதும் ஒத்துப்போகவில்லை. ஆயினும் படிப்பு என்னும் இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. நானும் நீங்களும் இந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பதில் அந்தச் சட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம். அது நிலத்துக்கு ஈடாகுமா என்பது வேறு கேள்வி.

நம் பக்கத்தில் இது நடக்கும் விதம் உங்களுக்குத் தெரிந்ததே. தாத்தா காலமானதும் வாரிசுச் சான்றிதழில் அத்தைமார் பெயரும் இருக்கும். பின்பு ஒரு நல்ல நாளில் எல்லோரும் ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போவார்கள். அத்தைமார் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். மதியம் அண்ணன் வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு. கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடுமோ என்னும் பயம். தீபாவளிச் சீரும், பிள்ளைக்குக் காது குத்தும்போது மடியில் உட்கார வைக்க மாமனும் வேண்டுமே! இதை வெறும் ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். அன்பும் அதில் இருக்கிறது. வேலிக்காத்தானிலும் நைட்ரஜன் இருக்கிறது.

மூன்றாவது, குடும்பத் தொழில். 1978-இல் ஹார்வர்டில் டகியூரி, டேவிஸ் இருவரும் மூன்று வட்டங்கள் வரைந்தனர்: குடும்பம், உடைமை, நிர்வாகம். ஒருவர் ஒரு வட்டத்துக்குள் இருந்து மற்றொன்றுக்கு வெளியே நிற்கக்கூடும். பங்கு வேறு, நாற்காலி வேறு என்று நம் மொழியில் சொல்லலாம். 1987-இல் ஜான் வார்டு வெளியிட்ட கணக்கின்படி, மூன்றாம் தலைமுறை முழுவதும் ஒரே குடும்பத்தில் நிலைத்த கம்பெனிகள் நூற்றுக்குப் பதின்மூன்றே. உலகமெங்கும் மேடைகளில் இந்த எண்ணைச் சொல்கிறார்கள். அவர் பார்த்ததோ அமெரிக்காவில் இல்லினாய் என்னும் ஒரே மாநிலத்து 200 ஆலைகளைத்தான்! நம் கடைத்தெருவுக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகாது.

என்னை வியக்க வைத்தது டென்மார்க் நாட்டு ஆய்வு. 2007-இல் பென்னட்சன் முதலிய நால்வர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளில் தலைமை கைமாறியதை ஆராய்ந்தனர். முதலாளியின் தலைப்பிள்ளை ஆணாக இருந்தால் நூற்றுக்கு 39 இடங்களில் தலைமை குடும்பத்துக்குள்ளேயே போனது. பெண்ணாக இருந்தால் 29-தான். அதாவது, தகுதியைப் பார்க்குமுன் தொட்டிலைப் பார்த்திருக்கிறார்கள்! அப்படிக் குடும்பத்துக்குள் கைமாறிய கம்பெனிகளின் லாப விகிதம், வெளியார் வந்தவற்றைவிடக் குறைந்தது நான்கு புள்ளிகள் சரிந்ததாம். டென்மார்க்கே இப்படியென்றால் திண்டிவனம் எம்மாத்திரம்?

நம் மாநிலத்திலேயே இரு உதாரணங்கள் உண்டு. வயல்களில் ஓடும் மாஸி பெர்குசன் டிராக்டரைச் செய்யும் டாபே கம்பெனியில், சிவசைலம் அவர்களின் மகள் மல்லிகா சீனிவாசன் 1986-இல் சேர்ந்து படிப்படியாகத் தலைமைக்கு வந்தார். தந்தை இருக்கும்போதே வேலை கற்றவர் அவர். மற்றொன்று முருகப்பா குழுமம். அக்குடும்பத்து எம்.வி. முருகப்பன் 2017-இல் காலமானார். அவருக்கு மகன் இல்லை, இரு மகள்கள். மூத்த மகள் வள்ளி அருணாசலம் அணு பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். குடும்பத்தின் முதலீட்டுக் கம்பெனியில் பங்கு இருந்தும், இயக்குநர் நாற்காலி கேட்டபோது 2020 செப்டம்பரில் பங்குதாரர் கூட்டம் வாக்களித்து மறுத்தது. 2023-இல் குடும்பத்தினர் சமரச உடன்பாட்டுக்கு வந்தனர். உடைமை வட்டத்துக்குள் இருந்துகொண்டே நிர்வாக வட்டத்துக்கு வெளியே நிற்பது எப்படி என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

இடையே ஒன்று சொல்ல ஆசை. நம் அருட்சகோதரிகளின் சபைகளில் பிள்ளைவழி வாரிசே கிடையாது. தலைமைச் சகோதரி குறித்த காலம் பணியாற்றிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார், அடுத்தவர் வருகிறார். பின்வருபவரை உருவாக்குவதற்கென்றே நவதுறவு இல்லம் வைத்திருக்கிறார்கள். மகனும் இல்லாமல் மகளும் இல்லாமல் எத்தனையோ பள்ளிகள் நூறாண்டு தாண்டி நிற்கின்றன. நிர்வாகம் படிப்பவர்கள் இதையும் கொஞ்சம் ஆராய்ந்தால் என்ன?

எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு நெல் அரைவை மில் உண்டு. நடத்துபவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் கல்லூரி விடுமுறையில் வந்தால் அப்பாவோடு கமிட்டிக்குப் போகிறாள். மூட்டையில் குத்தூசி போட்டு நெல்லை எடுத்து, பல்லில் கடித்து ஈரம் சொல்கிறாள். இப்போதெல்லாம் அவள் சொல்வதும் மீட்டர் காட்டுவதும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றனவாம். வியாபாரிகள் முதலில் சிரித்தார்கள். இப்போது அவளிடமே விலை பேசுகிறார்கள். மில்லின் கரண்ட் பில் மட்டும் இன்னும் அவளுடைய தாத்தா பெயரில்தான் வருகிறது.