லிஃப்ட் வைத்தாகிவிட்டது, அப்புறம்?

ரயில் நிலையத்துக்குச் சக்கர நாற்காலியில் வருபவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் சென்னையில் ஏழெட்டுப் பதில்கள் தயாராக இருக்கும். அதிகாரி, ஒப்பந்தக்காரர், பக்கத்தில் நிற்கும் பயணி என யாரைக் கேட்டாலும் அதே பதில்கள்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. பல வருடமாகக் கேட்டுக் கேட்டு உண்மை என்றே நம்பிவிட்டார்கள்.

"லிஃப்ட்தான் வைத்தாச்சே!"

எல்லாவற்றுக்கும் மூத்த நம்பிக்கை இதுதான். ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்புவதிலிருந்து கணக்குப் போடுங்கள். தெரு, நடைபாதை, நிலைய வாசல், டிக்கெட் கவுன்ட்டர், கேட், லிஃப்ட், நடைமேடை, ரயில். இறங்கும் இடத்தில் இதே வரிசை தலைகீழாக. இத்தனை இடங்களில் எங்காவது ஓரிடத்தில் இரண்டு படி இருந்துவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அவர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மெட்ரோவையே எடுத்துக்கொள்வோம். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே முதல் ரயில் ஓடியபோதே லிஃப்ட், அகலமான கேட், பார்வையற்றோருக்கான மஞ்சள் தடத்தரை எல்லாம் இருந்தன. நகரத்தின் மற்ற வாகனங்களோடு ஒப்பிட்டால் அது பெரிய தாவல், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு நிலையத்துக்கு நான்கு வாசல் இருந்தால் நான்கிலும் லிஃப்ட் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்ட் உள்ள வாசல் சாலைக்கு எதிர்ப்பக்கம் அமைந்துவிட்டால், நடக்கிறவர் படியிறங்கிச் சுரங்கத்துக்குள்ளேயே அந்தப் பக்கம் போய்விடுவார். சக்கர நாற்காலியில் இருப்பவர் பேருந்துக்கும் பைக்குக்கும் நடுவே சாலையைக் கடந்தாக வேண்டும். நடுவில் மீடியன் வேறு.

கடந்து வந்தால் வாசலில் இரும்புக் குழாய்கள். பைக் உள்ளே ஏறக் கூடாது என்பதற்காக நட்டவை. கையால் உருட்டும் சாதாரண சக்கர நாற்காலியின் அகலம் 65 முதல் 70 செ.மீ. சக்கரத்துக்கு வெளியே உள்ள வளையத்தைப் பிடித்துத்தான் உருட்ட வேண்டும் என்பதால், இரண்டு கைகளும் அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குழாய்களுக்கு நடுவே 75 செ.மீ. விட்டிருந்தால் நாற்காலி நுழையும், விரல் முட்டிகள் இரும்பில் உரசும். ஒரு கதவுக்கே குறைந்தது 90 செ.மீ. திறப்பு வேண்டும் என்கிறது ஒன்றிய அரசின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறை. குழாய் நடுபவரிடம் அதை யார் சொன்னார்கள்? பைக்குக்காரர்களோ வேறு வழி கண்டுபிடித்து உள்ளே வந்துவிடுகிறார்கள்.

இது தவிர, நிலையம் வரை வருவதற்கே ஒரு பேருந்து வேண்டும். சென்னையின் வழக்கமான பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 90 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடும் வைஷ்ணவி ஜெயகுமார் உயர் நீதிமன்றம் வரை போய் வழக்காடிய பிறகு, 2024 ஆகஸ்ட்டில்தான் 40 செ.மீ. உயரத் தாழ்தளப் பேருந்துகள் சாலைக்கு வந்தன.

"ஒரு ரேம்ப் போட்டால் முடிந்தது"

எப்படிப்பட்ட ரேம்ப் என்று கேட்க வேண்டும். ஒரு செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம் வேண்டும் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. 15 செ.மீ. உயரத்தில் மூன்று படிகள் இருந்தால் மொத்த உயரம் 45 செ.மீ., அதற்குச் சாய்தளம் 5.4 மீட்டர் நீள வேண்டும். நம் ஊர் மேஸ்திரியிடம் சொன்னால் சிரிப்பார். படிக்குப் பக்கத்தில் கிடைத்த இரண்டு மீட்டரில் சிமென்ட்டைக் கொட்டிச் சரித்துவிடுவார், திறப்பு விழாவில் ரிப்பனும் வெட்டியாகிவிடும்.

அந்தச் சரிவில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும். தள்ளி ஏறும்போது உடல் எடை முழுக்கப் பின்பக்கம் சாய்கிறது. முன்னால் உள்ள இரண்டு சிறிய சக்கரங்கள் தரையை விட்டு எழும்புகின்றன. அந்தக் கணம் வளையத்தை ஒரு தள்ளு அதிகமாகத் தள்ளினால் நாற்காலி மல்லாக்கக் கவிழும். இறங்கும்போது உள்ளங்கைதான் பிரேக், வளையம் சூடேறிக் கை எரியும். மழை பெய்து வழவழ டைல்ஸ் நனைந்திருந்தால் அதுவும் நிற்காது. கைப்பிடிக் கம்பி, நடுவில் நின்று மூச்சு வாங்கச் சமதளம், ஓரத்தில் சக்கரம் நழுவாமல் சிறு விளிம்பு, இதெல்லாம் சேர்ந்தால்தான் அதற்கு ரேம்ப் என்று பெயர். மற்றவை ஸ்கூட்டர் ஏற்றுவதற்கு உதவும்.

"நாலு பேர் பிடித்துத் தூக்கிவிட்டால் ஆச்சு"

இதைச் சொல்பவர்கள் நல்ல மனசுக்காரர்கள். ஆபத்தும் அங்கேதான். தூக்குகிறவர் முதலில் பிடிப்பது கைப்பிடிகளை. பல நாற்காலிகளில் கைப்பிடி கழற்றி மாட்டும்படி இருக்கும், தூக்கினால் தனியாகக் கையோடு வந்துவிடும். கால்வைக்கும் தட்டும் அப்படித்தான். தூக்கப்படுபவருக்குத் தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்றால், கால் எங்காவது மாட்டி நசுங்கினாலும் அவருக்குத் தெரியாது. வீட்டுக்குப் போன பிறகு வீக்கத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். சிறுநீர்ப் பை மாட்டியிருப்பவருக்கு அதன் குழாய் இழுபட்டுவிடும்.

மின்சார நாற்காலி என்றால் பேச்சே வேறு. பேட்டரியோடு பல மாடல்கள் 50 கிலோவுக்கு மேல், பெரியவை 100 கிலோவையும் தாண்டும். ஆளும் சேர்ந்தால் நால்வருக்கும் முதுகு பிடித்துக்கொள்ளும்.

ஒரு பெண் தினமும் வேலைக்குப் போக வேண்டும் என்றால், காலையும் மாலையும் முன்பின் தெரியாத நான்கு ஆண்கள் அவரைத் தூக்க வேண்டும் என்று பொருள். அதைத் தீர்வு என்று சொல்லும் யாராவது தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வாரம் அதை ஏற்பார்களா? கேட்காமலே பின்னால் வந்து நாற்காலியைத் தள்ள ஆரம்பிக்கும் பழக்கமும் இதோடு சேர்ந்ததுதான். "உதவி வேணுமா?" என்று முன்னால் வந்து கேட்டுவிட்டு, எங்கே பிடிக்க வேண்டும் என்று அவர் சொல்வதைக் கேட்டாலே பாதி விபத்து குறையும்.

"அப்படிப்பட்டவங்க யாரும் இங்கே வர்றதில்லையே"

வர முடியாத இடத்துக்கு எப்படி வருவார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பதிவான மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். எல்லோரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அல்ல. ஆனால் முழங்கால் தேய்ந்த பாட்டி, நிறைமாதக் கர்ப்பிணி, கால் முறிந்து கட்டுப் போட்ட கல்லூரிப் பையன் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. ஒரு மெட்ரோ லிஃப்ட் பக்கத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான், கூடவே படியேறச் சோம்பல்படும் திடகாத்திரமான இளைஞர்களும்.

"நடைமேடை வரை போய்விட்டால் பிரச்சினை இல்லை"

மெட்ரோவில் ஓரளவு சரி. ரயிலின் தளமும் நடைமேடையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். இருந்தும் நடுவில் உள்ள இடைவெளியில் முன்சக்கரம் குறுக்கே திரும்பிவிட்டால் சிக்கும். அதனால்தான் பழகியவர்கள் இறங்கும்போது முதுகு காட்டி, பெரிய சக்கரத்தை முதலில் இறக்குகிறார்கள். பின்னால் நிற்கும் கூட்டம் இதைப் புரிந்துகொள்ளாமல் முண்டியடிக்கும்.

புறநகர் ரயில் கதை வேறு. கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். இந்திய ரயில்வேயில் உயர்மட்ட நடைமேடையின் உயரம் தண்டவாளத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ. ரயில் பெட்டியின் தளம் அதைவிட உயரம். ஆக, லிஃப்டும் ரேம்ப்பும் இருந்தாலும் கடைசியில் ஒரு பெரிய படி காத்திருக்கும். நின்று கிளம்ப ரயில் எடுத்துக்கொள்வதோ அரை நிமிடம். மும்பையில் நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவே ஆட்கள் விழுந்து விபத்துகள் நடந்து, விவகாரம் நீதிமன்றம் வரை போன பிறகு புறநகர் நடைமேடைகளை 90 செ.மீ. அளவுக்கு உயர்த்தினார்கள். அங்கே தூண்டுகோலாக இருந்தது நடந்து ஏறும் பயணிகளின் உயிர்.

லண்டன் பாதாள ரயிலின் வரைபடம் இந்த விஷயத்தில் நேர்மையானது. படியில்லாத நிலையங்களுக்கு இரண்டு விதமான சக்கர நாற்காலிக் குறி போட்டிருப்பார்கள். நீல வட்டத்தில் வெள்ளைக் குறி என்றால் தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை படியில்லை. வெள்ளை வட்டத்தில் நீலக் குறி என்றால் நடைமேடை வரைதான் அந்த உத்தரவாதம். அந்த நகரத்திலேயே பெரும்பாலான நிலையங்களுக்கு இரண்டு குறியும் கிடையாது. ஆனால் கிளம்பும் முன்பே எங்கே போகலாம், எங்கே மாட்டிக்கொள்வோம் என்று பயணிக்குத் தெரிந்துவிடும்.

"நம்ம நாட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது"

எப்போது கட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் பார்ட் ரயில் 1972-இல் ஓடத் தொடங்கியபோதே நிலையங்களில் லிஃப்ட் இருந்தது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஹரால்ட் வில்சன் என்பவர் 1960-களில், வரைபடம் வரையும்போதே அதிகாரிகளை விடாமல் துரத்தியதன் பலன் அது. நியூயார்க் 1904-இல் ஆரம்பித்த பாதாள ரயிலில் இதை யோசிக்கவில்லை. இன்று ஒரு பழைய நிலையத்தில் லிஃப்ட் புகுத்தப் பல கோடி டாலர் ஆகிறது. வழக்குப் போட்ட பிறகு 2022-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, லிஃப்ட் இல்லாத நிலையங்களில் 95 சதவீதத்தைச் சரிசெய்ய அந்த நகரம் எடுத்துக்கொண்டிருக்கும் அவகாசம் 2055 வரை. நம் ஊரில் இப்போதுதான் அடுத்தடுத்துப் பாதைகளும் நிலையங்களும் எழும்புகின்றன. இன்று வரைபடத்தில் ஒரு கோடாகப் போய்விடும் லிஃப்ட் குழிக்கு, கான்கிரீட் இறுகிய பிறகு யார் பணம் கொடுப்பார்கள்?

"அரசு பார்த்துச் செய்யும் உதவிதானே"

இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம், விமான நிலையம் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே பேசுகிறது. பழைய பொதுக் கட்டிடங்களை விதிகள் வெளியான ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்கிறது 45-ஆவது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு முடிந்தது 2022-இல். பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் முக்கியம். அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 15-ஆவது விதி சட்டத்துக்கே முரணானது, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்றது.

"எல்லாம் இருக்கு, நீங்கதான் குறை சொல்றீங்க"

இருப்பது ஒன்று, ஓடுவது ஒன்று. 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை தொடங்கிய பறக்கும் ரயிலின் நிலையங்கள் கல்யாண மண்டபம்போலப் பெரியவை. நடைமேடை இரண்டு மூன்று மாடி உயரத்தில். அங்கே நின்றுபோன லிஃப்டும் எஸ்கலேட்டரும் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்த செய்தி. எஸ்கலேட்டர் ஓடினாலும் சக்கர நாற்காலிக்கு அது வழியல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், பல அறிக்கைகளில் அதையும் 'வசதி' என்று எண்ணிக் காட்டுகிறார்கள்.

லிஃப்ட் என்றால் பழுதாகத்தான் செய்யும். பயணிக்கு அது எப்போது தெரிகிறது என்பதே கேள்வி. வாஷிங்டன் மெட்ரோ, எந்த நிலையத்தில் லிஃப்ட் நின்றிருக்கிறது என்பதை அன்றன்றைக்கு அறிவிக்கிறது. முந்தைய நிலையத்தில் இறங்கினால் பழுதான நிலையம் வரை கொண்டுபோய்விட வண்டி அனுப்புகிறது. நம் நிலையங்களில் லிஃப்ட் கதவில் ஒட்டிய 'பழுது' என்ற காகிதத்தைப் படிக்க, முதலில் அந்தக் கதவு வரை வந்து சேர வேண்டும். மேலே நடைமேடையில் இறங்கிய பிறகு அதைப் படிப்பவர் அடுத்த ரயிலைப் பிடித்து வேறு நிலையத்துக்குப் போக வேண்டும், அங்கே லிஃப்ட் ஓடுகிறதா என்று தெரியாமலே.