பாம்புக்கடி: கயிறு தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்திருப்பார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 உயிர்கள். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள், வயலில் இறங்கி வேலை செய்பவர்கள். இத்தனைக்கும் விஷத்தை முறிக்கும் ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகிறது. கடித்த இடத்திலிருந்து அந்த ஊசி வரைக்கும் போய்ச் சேர்வதற்குள் வீணாகும் நேரம்தான் பலரைக் கொல்கிறது. அந்த நேரத்தைத் தின்னும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டினால் விஷம் ஏறாது.

உண்மை: கயிறு விஷத்தை நிறுத்துவதில்லை, ரத்த ஓட்டத்தைத்தான் நிறுத்துகிறது. கண்ணாடி விரியன் விஷம் சதையையே அழிக்கக்கூடியது. ரத்தமும் போகாமல், விஷமும் ஓரிடத்தில் தேங்கிவிட்டால் காலோ கையோ அழுகி, அதை எடுத்துவிட வேண்டிய நிலைகூட வரலாம். ஏற்கெனவே யாராவது இறுகக் கட்டிவிட்டால், வழியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரே நேரத்தில் உடலுக்குள் பாயும். டாக்டர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும். கடிவாயைக் கீறிவிடுவதும் வாயால் உறிஞ்சுவதும் அதேபோல ஆபத்தானவை. உறிஞ்சி விஷத்தை எடுக்க முடியாது. விஷத்தால் ரத்தம் உறையாத நிலையில் கீறினால் அந்தக் காயமே உயிருக்கு உலை வைக்கும்.

நம்பிக்கை: வலியில்லை, வீக்கமில்லை, பல் பதியவும் இல்லை. அது விஷக்கடியாக இருக்காது.

உண்மை: இப்படி நினைத்துப் படுத்தவர்கள் பலர் மறுபடி எழுந்திருக்கவில்லை. கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். அதன் பல் சிறியது. கடித்த தடமும் தெரியாது, பெரிதாக வலியும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுபவரை அஜீரணம் என்று நினைத்துச் சோடா கொடுப்பவர்கள் உண்டு. பிறகு இமைகள் தாமாகத் தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுவிடும் தசைகள் செயலிழக்கும். இரவில் தரையில் படுத்தவருக்குக் காலையில் இமை தொங்கினால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்றே சந்தேகப்படுங்கள். வென்டிலேட்டர் வசதியுள்ள மருத்துவமனைக்குச் சரியான நேரத்தில் போய்விட்டால் இவர்களைக் காப்பாற்ற முடியும்.

வேப்பிலையையோ மிளகையோ மெல்லக் கொடுத்து, கசக்கிறதா, காரமாக இருக்கிறதா என்று கேட்கும் சோதனையையும் நம்ப வேண்டாம். விஷம் ஏறியிருக்கிறதா என்று நாக்கை வைத்துச் சொல்ல முடியாது. மருத்துவமனையில் கொஞ்சம் ரத்தத்தை எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் போன்றவற்றின் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். கடித்தவுடன் அறிகுறி ஏதும் இல்லையென்றாலும் ஒரு நாள் முழுக்க மருத்துவர் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

நம்பிக்கை: எங்கள் ஊரில் மந்திரித்தே எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்.

உண்மை: பிழைத்தது உண்மைதான். நம் நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மனிதரைக் கொல்லும் விஷம் கிடையாது. சாரையும் தண்ணீர்ப் பாம்பும் கடித்தவர்கள் எந்த வைத்தியமும் இல்லாமலே பிழைப்பார்கள். நல்ல பாம்புகூடச் சில சமயம் விஷத்தை இறக்காமல் வெறுங்கடியாகக் கடிக்கும். இவர்கள் எல்லாரும் மந்திரத்தின் கணக்கிலும், பச்சிலையின் கணக்கிலும், விஷக்கல்லின் கணக்கிலும் சேர்ந்துவிடுகிறார்கள். உண்மையிலேயே விஷம் இறங்கியவரை மந்திரம் காப்பாற்றாது. அவர் இறந்தால் மட்டும் விதி என்று சொல்லிவிடுகிறோம்.

நம்பிக்கை: பாம்பை அடித்துக் கொண்டுபோய்க் காட்டினால்தான் டாக்டர் மருந்து கொடுப்பார்.

உண்மை: தேவையே இல்லை. நம் நாட்டில் பெரும்பாலான உயிர்களைப் பறிப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான். நான்கின் விஷத்துக்கும் ஒரே ஊசிமருந்துதான். அறிகுறிகளைப் பார்த்தே டாக்டர் சிகிச்சை தருவார். பாம்பைத் தேடிப் போனால் நேரம் போகும், இன்னொருவரும் கடிபடலாம். செத்த பாம்பின் தலைகூடக் கொஞ்ச நேரம் கடிக்கும்.

அந்த மருந்துக்கான விஷம் நம் மண்ணிலிருந்தே போகிறது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், பாம்புகளைப் பிடித்து விஷத்தை எடுத்தபின் மறுபடி காட்டில் விட்டுவிடுகிறது. அந்த விஷத்தைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து தயாராகிறது. பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் இந்த மருந்து முறிக்கும். ஏற்கெனவே சிதைந்துபோன சிறுநீரகத்தை மீட்டுத் தராது. அவசரம் அதனால்தான்.

கடித்தால் செய்ய வேண்டியவை இவை. கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள். கடிபட்ட காலையோ கையையோ ஒரு குச்சியோடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டி, அசையாமல் வையுங்கள். 108-ஐ அழையுங்கள். வண்டி வரத் தாமதமானால், பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கொண்டுசெல்லுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.

வராமல் தடுக்கவும் வழி உண்டு. இரவில் டார்ச் இல்லாமல் வெளியே போகாதீர்கள். தரையில் படுத்தால் கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். விறகையும் வைக்கோலையும் வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிக்காதீர்கள். எலி வந்தால் பின்னாலேயே பாம்பும் வரும்.

தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாக்கியது. அரசின் பங்கு அது. ஊரின் பங்காக ஒன்றைக் கேட்கிறேன். விஷக்கடிக்கு மந்திரிப்பவர் உங்கள் ஊரில் இருந்தால், பகை பாராட்டாமல் அவரிடம் போய்ப் பேசுங்கள். “முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மந்திரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று அவர் சொல்ல ஆரம்பித்தால், யார் சொன்னாலும் கேட்காதவர்கள்கூட அவர் பேச்சைக் கேட்டுப் புறப்படுவார்கள்.