மூன்று குண்டை நம்பலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் பிஸ்லியில் 1000 கஜ இலக்கைச் சுடுவோரில் பலர் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறார்கள். வெடிமருந்தின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றி, 100 கஜத்தில் மும்மூன்று குண்டு சுட்டு, நெருக்கமாக விழுவதைத் தேர்வது சரியா?

பதில்: பரவலான வழிதான், நம்பகமானதல்ல. எதையும் மாற்றாமல் ஒரே தோட்டாவைச் சுட்டாலும் ஒரு மூன்று அரை அங்குலத்துக்குள் விழும், அடுத்த மூன்று ஒரு அங்குலத்துக்குப் பரவும். பத்து அளவுகளைச் சோதித்தால் ஏதோ ஒன்று முதலில் வந்தே தீரும். அதைத் 'துப்பாக்கிக்குப் பிடித்த மருந்து' என்று கொண்டாடுவது, லாட்டரியில் ஜெயித்தவரிடம் தொழில் யோசனை கேட்பதுதான். மேலும், 100 கஜத்தில் ஒளிந்திருக்கும் குறை 1000 கஜத்தில்தான் காலை வாருகிறது. .308 தோட்டாவின் 175 கிரெயின் குண்டு நொடிக்கு 2600 அடி வேகத்தில் கிளம்புவதாக வையுங்கள். அதில் 10 அடி குறைந்தால் அருகில் வித்தியாசமே தெரியாது. 1000 கஜத்தில் சுமார் 3 அங்குலம் கீழே இறங்கிவிடும். எஃப்-கிளாஸ் என்ற தொலைதூரச் சுடும் போட்டியில் அந்தத் தூர இலக்கின் நடு வளையத்துக்கு விட்டமே 5 அங்குலம்! எனவே குண்டுக்குக் குண்டு வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதை வேகமானியில் பாருங்கள்.

நிறையச் சுட்டால் குழல் தேயுமே என்பார்கள். நியாயம்தான். ஆனால் பத்து மூன்றும் முப்பதுதானே? தோட்டா நிரப்பும் கையேட்டின் உச்ச வரம்புக்குள் இரண்டே அளவுகளை எடுத்து, அதே முப்பதைப் பதினைந்து பதினைந்தாகச் சுடுங்கள். 1000 கஜத்தில் பக்கவாட்டு விலகலை மருந்தின் தலையில் கட்டாதீர்கள். அது பெரும்பாலும் காற்றின் வேலை.