இறுதி வடிவமைப்பை முன்வைத்தல்

மாணவர்களே, சுவரொட்டி, இலச்சினை, நூல் அட்டை என்பவற்றைத் திறம்பட வரைவோர் உங்களுள் பலர் உள்ளனர். ஆயினும் "இதனை ஏன் இவ்வாறு வரைந்தீர்?" என வினவினால், "அழகாக இருக்கும் என்பதால்" என்றே பெரும்பாலானோர் விடையளிக்கின்றனர். நல்ல ஆக்கம் ஒன்று பின்தள்ளப்படுவதற்கு இந்த ஒரு விடையே போதுமானது. வரைந்ததை விளக்கவும் பழகுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. முன்வைப்பு என்றால் என்ன?

ஒரு தேவைக்காக உருவாக்கிய இறுதி வடிவமைப்பை, அதனைத் தெரிவு செய்யும் பொறுப்புடையோருக்குக் காட்டி, அத்தேவையை அது எவ்வாறு நிறைவு செய்கின்றது எனக் காரணங்களுடன் விளக்குதல் முன்வைப்பு எனப்படும். இதில் மூன்று கூறுகள் உள்ளன.

அ. தேவை: யாருக்காக? எதற்காக?
ஆ. தீர்மானம்: எந்த உருவம், நிறம், எழுத்து, அளவு தெரிவு செய்யப்பட்டது?
இ. காரணம்: அத்தீர்மானம் தேவைக்கு எவ்வாறு பொருந்துகின்றது?

தேவை – தீர்மானம் – காரணம் என்னும் இவ்வொழுங்கை மனத்தில் இருத்துங்கள். மூன்றாவது கூறை விட்டுவிட்டால் எஞ்சுவது வெறும் வருணனையே.

2. உதாரணம்: இந்திய ரூபாய்க் குறியீடு

டொலர், பவுண், யென், யூரோ ஆகிய நாணயங்களுக்குத் தனிக் குறியீடுகள் இருந்தன. இந்திய ரூபாய்க்கு அவ்வாறான குறியீடு இருக்கவில்லை. இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரீசியஸ் ஆகிய நாடுகளிலும் நாணயத்தின் பெயர் ரூபாயே. எனவே சுருக்க எழுத்தை மட்டும் பார்த்து அது எந்நாட்டுப் பணம் என அறிய முடியாதிருந்தது. இதுவே தேவை.

2009 ஆம் ஆண்டு இந்திய நிதியமைச்சு இதற்கென ஒரு போட்டியை நடத்தியது. 3,000 இற்கும் மேற்பட்ட ஆக்கங்கள் கிடைத்தன. அவற்றுள் ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தெரிவாயின. தமிழ்நாட்டைச் சேர்ந்த த. உதயகுமாரின் ஆக்கத்தை 2010 ஜூலை 15 ஆம் திகதி இந்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. அவர் மும்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் எழுத்துருவியல் பற்றி ஆய்வு செய்தவர். அவரது ஆக்கத்தின் தீர்மானங்களையும் காரணங்களையும் பின்வருமாறு சுருக்கலாம்.

• உருவம்: தேவநாகரியின் 'ர' எழுத்தும், நிலைக்கோடு நீக்கப்பட்ட ரோமன் 'ஆர்' எழுத்தும் ஒன்றாக இணைந்துள்ளன. இந்தியர் தம் எழுத்தாகக் காண்பர். பிறநாட்டவரும் 'ரூபாய்' என்பதன் முதலொலியை ஊகிப்பர்.
• மேற்கோடு: தேவநாகரி எழுத்துகள் ஒரு மேற்கோட்டில் தொங்குவன போல் அமைந்தவை. இக்குறியீட்டுக்கு இந்தியத் தன்மையைத் தருவது அக்கோடாகும்.
• இரு கிடைக்கோடுகள்: கோடுகளும் அவற்றின் இடைவெளியும் மூவர்ணக் கொடியை நினைவூட்டுகின்றன. சமன் குறியின் சாயலும் உண்டு.
• பயன்பாடு: யென், யூரோ குறியீடுகளிலும் இரு கிடைக்கோடுகள் இருப்பதால், இதுவும் நாணயக் குறியீடு என்பது பார்த்தவுடன் விளங்கும்.

ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம் இருப்பதைக் கவனியுங்கள். 2010 ஒக்டோபரில் இக்குறியீடு யுனிகோட் நியமத்தில் சேர்க்கப்பட்டது. 2011 இல் நாணயக் குற்றிகளிலும் இடம்பெற்றது.

3. எதிர்க் கேள்விக்கு ஆயத்தமாதல்

"தேவநாகரி எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவான எழுத்தா?" என இக்குறியீடு பற்றி ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு தனது வரவு செலவுத் திட்ட இலச்சினையில் இக்குறியீட்டுக்குப் பதிலாக 'ரூ' என்னும் தமிழ் எழுத்தைப் பயன்படுத்தியபோது இது பெரும் விவாதமாயிற்று. தெரிவு செய்யப்பட்டு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஒரு வடிவமைப்பிடம் கேள்வி கேட்கப்படலாம் என்பதை இதிலிருந்து அறிக.

ஆகவே உங்கள் ஆக்கத்தின் பலவீனமான இடத்தை நீங்களே முன்கூட்டி இனங்காணுங்கள். கேள்வி வந்தால் கோபிக்கவோ மழுப்பவோ வேண்டாம். எதைப் பெறுவதற்காக எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்பதைத் தெளிவாகக் கூறுங்கள்.

4. மாதிரிப் பயிற்சி

வினா: வஹகோட்டை புனித அந்தோனியார் திருத்தலத் திருவிழாவுக்கான சுவரொட்டி ஒன்றை வடிவமைத்துள்ளீர். அதனை ஏற்பாட்டுக் குழுவினருக்கு முன்வைக்கும் உரையை எழுதுக.

மாதிரி விடை:

"மதிப்புக்குரிய குழுவினருக்கு வணக்கம். இத்திருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்து வருவோர் பலர். அவர்கள் சுவரொட்டியைப் பேருந்திலிருந்தோ சந்தியில் நடந்துகொண்டோ காண்பர். என்ன விழா, எங்கே, எப்போது என்னும் மூன்றையும் ஒரே பார்வையில் அறிவதே அவர்களது தேவையாகும்.

அதனால் நடுவில் ஒரேயோர் உருவத்தை வைத்தேன். அது குழந்தை இயேசுவை ஏந்திய அந்தோனியார். கையில் லில்லி மலர் உள்ளது. இவை அப்புனிதரின் அடையாளங்கள் ஆதலால், எழுத்தை வாசிக்காதவரும் விழாவை இனங்காண்பர். அவரது துறவற அங்கியின் கபில நிறத்தையே முதன்மை நிறமாக்கினேன். வெள்ளைப் பின்னணியில் அது தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரியும். ஒரு நிற மையே தேவைப்படுவதால் அச்சுச் செலவும் குறையும்.

தமிழையும் சிங்களத்தையும் ஒரே அளவில் இட்டேன். வருவோர் இரு மொழியினரும் ஆவர். திகதியே மிகப் பெரிய எழுத்தில் உள்ளது. வகுப்பறையின் ஒரு முனையில் இதனை மாட்டி மறுமுனையிலிருந்து வாசிக்கச் செய்தேன். முதல் வரைபில் திகதியை வாசிக்க முடியவில்லை. ஆகவே அதனை இருமடங்காக்கினேன். நிகழ்ச்சி நிரலை நீக்கினேன். அதனைத் துண்டுப் பிரசுரமாகத் தரலாம். உங்கள் கருத்தை அறிய விரும்புகின்றேன்."

இவ்விடையின் சிறப்பு யாது? உரை தன்னைப் பற்றித் தொடங்கவில்லை. வழிபட வருவோரைப் பற்றித் தொடங்குகின்றது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் காரணம் உண்டு. சோதித்துப் பார்த்துத் திருத்தியமை கூறப்பட்டுள்ளது. 'அழகு' என்ற சொல் ஓரிடத்திலேனும் இல்லை.

5. கவனத்திற் கொள்க

• இறுதி ஆக்கத்தைச் சுத்தமான அட்டையில் ஒட்டி, எல்லோருக்கும் தெரியும் உயரத்தில் வைக்கவும்.
• பருமட்டான வரைபுகளுள் இரண்டு அல்லது மூன்றை மட்டும் காட்டவும். அனைத்தையும் காட்டினால் இறுதி ஆக்கம் மறைந்துவிடும்.
• ஆக்கம் பயன்படும் இடத்திலேயே அதனைக் காட்டவும். இலச்சினையாயின் கடிதத் தலைப்பில் சிறிதாகவும் பெயர்ப் பலகையில் பெரிதாகவும் வரைந்து காட்டலாம்.
• எழுதியதை வாசிக்காமல், ஆக்கத்தைச் சுட்டிக்காட்டிப் பேசவும். மூன்று நிமிடத்துள் முடிக்கப் பழகவும்.
• "நேரம் போதவில்லை", "எனக்கு வரையத் தெரியாது" எனத் தொடங்க வேண்டாம். குறையைத் தேடிப் பார்க்குமாறு நீங்களே அழைப்பதாக அது அமையும்.

6. பயிற்சி வினாக்கள்

1. முன்வைப்பின் மூன்று கூறுகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் தருக.
2. இந்திய ரூபாய்க் குறியீட்டின் இரு கிடைக்கோடுகள் உணர்த்தும் கருத்துகள் யாவை?
3. மேலே தரப்பட்ட மாதிரி உரையைக் கேட்ட ஒருவர், "நிகழ்ச்சி நிரலை ஏன் நீக்கினீர்?" எனக் கேட்கின்றார். விடையை இரு வாக்கியங்களில் எழுதுக.
4. உமது பாடசாலை நூலகத்துக்கு ஓர் இலச்சினை வரைந்து, அதனை அதிபருக்கு முன்வைக்கும் உரையை 100 சொற்களில் எழுதுக.

நான்காம் வினாவை எழுதி முடித்ததும் வீட்டில் ஒருவருக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள். அவர் "ஏன்?" என்று கேட்கும் இடமே நீங்கள் காரணம் எழுத மறந்த இடமாகும். அவ்விடத்தைத் திருத்தி மீண்டும் எழுதுங்கள்.