மிளகாய்ச் செடியில் மஞ்சள் எங்கே தொடங்கிற்று?

கொல்லைப்புறத்தில் நாலைந்து மிளகாய்ச் செடிகள் இருப்பின், அன்றாடக் குழம்புக்குக் கடையை நாட வேண்டியதில்லை. அச்செடிகளின் இலை மஞ்சளித்ததும் நம்மிற் பலர் ஒரு பிடி யூரியாவை இடுகிறோம். அன்றேல் மேலும் ஒரு குடம் நீர் ஊற்றுகிறோம். காரணம் அறியாமல் செய்யும் இவ்விரண்டும் பிழைக்கவேண்டிய செடியையும் அழித்துவிடக்கூடும். ஆகவே உரத்தைத் தேடுமுன், மஞ்சள் எந்த இலையில் தொடங்கிற்று என்று பார்த்தல் அவசியம்.

முதலில் மண்ணை விரலால் தோண்டிப் பார்ப்போம். மண் ஈரமாயிருந்தும் செடி வாடி மஞ்சளித்தால், நீர் மிகுந்து வேர் மூச்சுத் திணறுகிறது என்பது பொருள். அழுகிய வேர் பழுப்பேறிக் குழைந்திருக்கும். நீரை நிறுத்தி வடிகால் அமைப்பதே இதற்குப் பரிகாரம்.

மண் சீராயிருப்பின் இலைகளைக் கவனிப்போம்.

அடியிலைகள் முழுதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. செடி, பழைய இலையிலுள்ள சத்தை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்புவதால் அடியிலையே முதலில் வெளிறுகிறது. நன்கு மக்கிய தொழுவுரம் இடுக. முதிர்ந்த ஓரிரு இலைகள் மட்டும் பழுப்பது இயற்கையே.

அடியிலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருப்பின் மக்னீசியக் குறைவு. மக்னீசியம் சல்பேட் 10 கிராமை 1 லிட்டர் நீரிற் கரைத்து மாலையில் தெளிக்கலாம்.

இதே தோற்றம் கொழுந்திலையில் காணின் இரும்புச்சத்துக் குறைவு. இரும்பு, பழைய இலையிலிருந்து எளிதில் இடம்பெயராது. சுண்ணாம்புப் பாங்கான மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை. அன்னபேதி 5 கிராமை 1 லிட்டர் நீரிற் கரைத்துத் தெளிக்கலாம்.

இறுதியாக இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். வேப்பங்கொட்டைப் பருப்புத்தூள் 50 கிராமை 1 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி நோய்க்கு மருந்தில்லை. இலை சிறுத்துச் சுருண்டு, செடியும் குட்டையாகிவிட்டால், அதைப் பிடுங்கி அழித்து ஏனைய செடிகளைக் காப்பதே முறை.

அங்கத்தினர்கள் உரம் வாங்கச் சங்கத்துக்கு வரும்போது, அடியிலை ஒன்றும் கொழுந்திலை ஒன்றும் கையோடு கொணர்வார்களாக. அவ்விரு இலைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பின் வாங்கினால், காசும் மிஞ்சும்; செடியும் பிழைக்கும்.