சிரிக்க வைக்கப் பார்த்த சிப்பாய்

அன்புள்ள தம்பிக்கு,

அடுத்த நாட்டுக்குள் டாங்கியோடு புகுந்த சிப்பாய்க்காக எதற்கு வருந்த வேண்டும் என்று கேட்டிருந்தாய். உன் கோபம் எனக்குப் புரிகிறது. வாதம் செய்யாமல் ஒரு பையனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அவன் பெயர் ஊரி. இஸ்ரேலிய எழுத்தாளர் டேவிட் கிராஸ்மனின் மகன். அந்த நாட்டில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் படைக்குப் போயே ஆகவேண்டும். ஊரி டாங்கிப் படையில் சேர்ந்தான். 2006 ஜூலையில் லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கத்துடன் போர் மூண்டது. ஆகஸ்ட் 10 அன்று கிராஸ்மன், அமோஸ் ஓஸ், ஏ.பி. யெஹோஷுவா ஆகிய மூன்று எழுத்தாளர்களும் செய்தியாளர்களைக் கூட்டி, சண்டையை நிறுத்துங்கள் என்று அரசைக் கேட்டுக்கொண்டார்கள். 12ஆம் தேதி தெற்கு லெபனானில் ஊரியின் டாங்கியை ஏவுகணை தாக்கியது; அவன் இறந்தான். 14ஆம் தேதி காலை போர் நின்றது. அவனுக்கு 21 வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது.

டாங்கி தாக்கப்பட்ட அன்று நள்ளிரவு தாண்டி இரண்டே முக்கால் மணி வாக்கில் கிராஸ்மன் வீட்டு அழைப்பு மணி அடித்தது. படையிலிருந்து வந்திருக்கிறோம் என்றது வாசலில் ஒரு குரல். அந்த வாசலை அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தந்தை ஒரு நாவலில் எழுதத் தொடங்கிவிட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. மகன் போர்முனைக்குப் போனதும் வீட்டிலேயே இருக்க மாட்டேன் என்று கிளம்பி, வடக்கே கலிலேய மலைப்பாதைகளில் நடந்துகொண்டே இருக்கும் ஒரு தாயின் கதை அது. சாவுச் செய்தி கொண்டு வருபவர்களுக்குக் கதவு திறக்க ஆளில்லை என்றால் அந்தச் சாவே நடக்காது என்பது அவளுடைய நம்பிக்கை. ஊரிக்கு அந்தக் கதை தெரியும். முகாமிலிருந்து பேசும்போதெல்லாம் கதாபாத்திரங்களை இந்த வாரம் என்ன செய்தீர்கள் என்று அப்பாவிடம் விசாரிப்பான். தான் எழுதும் நூல் மகனைக் காக்கும் என்று தந்தையும் உள்ளூர நம்பியிருக்கிறார். ஏழு நாள் துக்கம் முடிந்ததும் எழுத்துக்கே திரும்பினார். 2008இல் நாவல் வெளிவந்தது.

அடக்கத்தின்போது கிராஸ்மன் ஆற்றிய உரையைத் தேடிப் படி. வீரம், வெற்றி என்று அதில் முழக்கம் ஏதுமில்லை. சோதனைச் சாவடியில் நின்ற நாட்களைப் பற்றி மகன் சொன்னதை அவர் நினைவுகூர்கிறார். நிறுத்தும் பாலஸ்தீனர் காரில் குழந்தை இருந்தால் ஊரி முதலில் அதன் பயத்தைத் தெளிவித்து, சிரிக்க வைக்கப் பார்ப்பானாம். தன் தங்கை வயதுதானே இருக்கும் என்று நினைத்துக்கொள்வானாம். அந்தக் குழந்தை தன்னை வெறுக்கிறது, வெறுக்கக் காரணமும் இருக்கிறது என்று அறிந்தே அப்படிச் செய்தான். சோதனையையும் விட்டுவிடவில்லை.

இந்த ஒரு காட்சிக்காகத்தான் ஊரியை உனக்குச் சொல்கிறேன். இதனால் சாவடி நியாயமாகிவிடாது. உன் கோபத்தை விடவும் சொல்லவில்லை. ஆனால் அவனை நினைத்தால் காருக்குள் மிரண்டு உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தையையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. அவன் இறந்த போரில் லெபனானில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் சாதாரண மக்கள். அவர்கள் வீட்டுப் பெயர்களையும் கேட்கத் தூண்டுகிற நினைவு எனக்கு உகந்தது. கொடியை மட்டும் உயர்த்தச் சொல்லும் நினைவுநாள் பேச்சுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பிள்ளைகளைப் பறிகொடுத்த இஸ்ரேலியக் குடும்பங்களும் பாலஸ்தீனக் குடும்பங்களும் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பு இருக்கிறது. ஆண்டுதோறும் இஸ்ரேலின் நினைவுநாளில் இரு தரப்பு இறந்தவர்களுக்கும் ஒரே மேடையில் அஞ்சலி செலுத்துகிறார்கள். இஸ்ரேலிலேயே அதற்குக் கடும் எதிர்ப்பு உண்டு. 2018இல் அங்கே கிராஸ்மன் பேசினார். இரண்டு நாள் கழித்து அவர் இஸ்ரேல் பரிசு பெறவிருந்தார். அந்தத் தொகையில் பாதியை அந்தக் குடும்பங்களின் அமைப்புக்கும், புகலிடம் தேடி வந்தவர்களின் குழந்தைகளைப் பராமரிக்கும் இன்னொரு அமைப்புக்கும் பகிர்ந்து தருவதாக அந்த மேடையிலேயே அறிவித்தார்.

அன்புடன்,
மாமா